வெயில் படாத மரம்

பூட்டிய அந்த அறைக்குள் ஆறு பேர் இருந்தார்கள். வீட்டின் மூத்தவரும் குடும்ப இசைக்குழுவின் தலைவருமான பெரியவர். அவருடைய தங்கை, குழுவின் பாடகி. தங்கையின் கணவர், இசைக்கருவிகளைப் பழுது பார்ப்பவர். அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. கடைக்குட்டித் தம்பி, குழுவின் கிட்டார்காரன். தடித்த கண்ணாடி போட்ட துப்பறிவாளர். ஊரே அவரைக் கண்ணாடி என்று அழைத்தது, அவரும் கோபித்துக்கொண்டதில்லை. அவருக்கு உதவியாக வந்திருந்த அவருடைய அக்கா மகள். அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தது அவர்தான். ஏழாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மேசைமேல் மல்லாந்து கிடந்த நீலக் கிட்டாரைச் சொல்லலாம். மறைந்த அப்பாவின் எலெக்ட்ரிக் கிட்டார். பெரியவர் சொல்லை நம்பினால், அப்பாவின் கிட்டாரைப் போலவே செய்யப்பட்ட ஏதோ ஒரு போலி.

அறை வீட்டுக்கு அடியில் இருந்தது. சத்தம் வெளியே கசியாதிருக்க நான்கு சுவரிலும் தடித்த பஞ்சுப் பலகை அடித்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. மின்விசிறி இரைந்தால் பதிவில் விழுகிறது என்று அதையும் என்றோ கழற்றியாயிற்று. உள்ளே ஒருவர் தொண்டை கிழியக் கத்தினாலும் மாடிப்படியில் நிற்பவருக்குக் கேட்காது. அதன் ஒரே கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவுக்கும் கீபோர்டுக்கும் நடுவே தூண் போல நின்றார் பெரியவர்.

"உண்மை வெளிய வர்ற வரைக்கும் இந்தக் கதவு திறக்காது. வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளயே முடியணும்."

"மாமா, மூச்சைக் கொஞ்சம் மெல்லமா இழுங்க," என்று கண்ணாடியிடம் சொன்னாள் வாயாடி. "உங்க ஒரு இழுப்புல என் பங்கும் சேர்ந்து உள்ள போகுது."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த அறையின் ஒவ்வொரு பலகையையும் அடித்தது அவர் கைதான். தன் கையாலேயே தனக்கு ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறோம் என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது.

நடந்தது இதுதான். முந்தைய நாள் ஒத்திகையில் தம்பி கிட்டாரை எடுத்து முதல் தடவை மீட்டியதும், டிரம்ஸ் அடிப்பவர் கையை நிறுத்திவிட்டு, "என்னங்க, பழைய சத்தம் எங்க போச்சு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானதுதான். அப்பாவின் கிட்டாருக்கு ஒரு கரகரப்பு உண்டு. சுரம் எழுவதற்கு முன்னால் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொள்வது போல மெல்லிய இரைச்சல் ஒன்று வரும். அந்தக் குழுவின் அடையாளமே அதுதான். நேற்று அது இல்லை. சுரம் கழுவித் துடைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று வந்தது. குழுவில் வெளியாட்களும் இருந்ததால் பேச்சு அன்றைக்கே வாசலைத் தாண்டிவிட்டது. யாரோ கிட்டாரை மாற்றிவிட்டார்கள் என்று பேசினார்கள். யார் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் பெரியவரே பதிலையும் சொல்லிவிட்டார்: மாப்பிள்ளை.

"திருட்டு நிரூபணமானா அவர் இந்த வீட்டை விட்டுப் போறார். நீ இங்க இருக்கே," என்று தங்கையிடம் தீர்ப்பும் சொல்லியாயிற்று. தங்கை அழவில்லை. "வெளியாள் ஒருத்தரை வச்சு விசாரிங்க. அவர் சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன்," என்றாள். அப்படித்தான் கண்ணாடி வந்தார்.

வாயாடி நின்று நின்று கால் மாற்றினாள். அறையில் காலியாக இருந்தது கீபோர்டுக்கு முன்னால் மெத்தை போட்ட முக்காலி ஒன்றுதான். அதன் பக்கம் இரண்டடி வைத்தாள்.

"அங்க உட்காராதே!"

பெரியவர் போட்ட சத்தத்தில் கிட்டாரின் தந்திகள் லேசாக அதிர்ந்தன.

"ஐயோ, முக்காலின்னு நினைச்சேன். சிம்மாசனம்னு ஒரு போர்டு மாட்டி வைக்கக் கூடாதா?" என்று அவள் பின்வாங்கினாள்.

"அண்ணா, உங்க முழங்கால்தான் வீங்கிக் கிடக்கே. நீங்களாவது உட்காருங்க," என்றாள் தங்கை.

"நான் நிக்கறேன். எனக்கொண்ணும் இல்ல."

கண்ணாடி எதையும் கேட்காதவர் போலக் கிட்டாரின் மேல் குனிந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இப்படியே போனா கண்ணாடி தேஞ்சு கண் மட்டும்தான் மிஞ்சும், மாமா."

"வாட்சைக் கழட்டுடி."

"நேரம் பாக்கவா?"

"நேரம் பாக்கறது உனக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு நாளாவது வேலைக்கு நேரத்துல வந்திருப்பே. கழட்டு."

அவள் கழற்றினாள். வெயிலில் அலைந்து கறுத்த மணிக்கட்டில் வார் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கண்ணாடி அவள் கையைப் பிடித்துக் கிட்டாரின் பக்கத்தில் வைத்தார். "இப்ப எல்லாரும் இங்க பாருங்க. உடம்பு முழுக்க வெளுத்துப்போன நீலம். தந்திக்கு அடியில இருக்கிற இந்த வெள்ளைத் தகட்டு ஓரத்துல, கொம்பு மாதிரி வளையுற இடத்துல, மயிரிழை அகலத்துக்குக் கருநீலம். தெரியுதா?"

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். தெரிந்தது. நெஞ்சில் யாரோ ஒரு கையைத் தளர்த்தியது போல இருந்தது.

"தோல் வெயில்ல கறுக்கும், சாயம் வெயில்ல வெளுக்கும். பல வருஷம் வெயில் படாம மூடிக் கிடந்த மரம் அது. பழைய தகடு கொஞ்சம் பெருசு, இப்ப இருக்கிறது கொஞ்சம் சின்னது. அதான் எட்டிப் பாக்குது. புதுசா ஒருத்தன் போலி செஞ்சா, வார் போட்ட தழும்பையுமா செய்வான்? கிட்டார் அதே கிட்டார்தான் ஐயா. யாரும் அதைத் திருடல. தகட்டை மட்டும் மாத்தியிருக்காங்க."

தங்கை கண்ணை மூடித் திறந்தாள். பெரியவரின் முகத்தில் ஒரு நரம்பு அசைந்தது; குரல் அசையவில்லை.

"தகடுன்னா சும்மா தகடா? அப்பாவோட சத்தமே அதுலதான் இருக்கு. சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப், குமிழு, ஸ்விட்ச், எல்லாம் அந்தத் தகட்டுலதான் மாட்டியிருக்கு. அதைக் கழட்டினவன் உயிரையே கழட்டினவன். இந்த மாதிரித் தகடு எங்க தொங்குதுன்னு கேளுங்க. மாப்பிள்ளையோட பட்டறைச் சுவத்துல தொங்குது!"

தளர்ந்த கை மறுபடி இறுகியது. தகடுகள் தொங்குவது உண்மை. மாப்பிள்ளை நாக்கை ஈரப்படுத்திக்கொண்டு சொன்னார்: "ரெடியா வயர் பண்ணி வர்ற தகடு மச்சான். எல்லா உறுப்பையும் முன்னாடியே ஈயத்தால பத்தவச்சு விக்கறாங்க. பழசைத் தூக்கிட்டு இதை வச்சு, மூணே மூணு வயரைச் சேர்த்தா போதும், கிட்டாரோட குரலே மாறிடும். கடையில யாரும் வாங்கலாம்."

"பாத்தீங்களா, எப்படிச் செய்யறதுன்னு அவர் வாயாலேயே சொல்றார்!"

இதற்கு என்ன பதில் சொல்வது? தெரியும் என்றாலும் குற்றம். தெரியாது என்றால் பொய். அந்த வீட்டில் அவர் வாழ்ந்த காலம் முழுக்க இப்படித்தான். சாப்பாட்டு மேசையில் அவருக்குக் கடைசியில் பரிமாறுவார்கள். அவர் சரிசெய்து கொடுத்த கருவிகள் மேடையில் கைதட்டு வாங்கும்போது அவர் திரைக்குப் பின்னால் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார். ஆனால் ஏதாவது உடைந்தால் முதலில் அவர் பெயர்தான் கூப்பிடப்படும்.

"திறந்து பாத்துடலாம்," என்றார் கண்ணாடி.

"மாப்பிள்ளை கை அது மேல படக் கூடாது."

"அப்ப தம்பி திறக்கட்டும். தம்பி, நீங்க இதுக்கு முன்னாடி திறந்திருக்கீங்களா?"

"இல்லைங்க," என்றான் தம்பி. "வாசிக்கறது மட்டும்தான். உள்ளே எல்லாம் அத்தான் வேலை."

தந்திகளைத் தளர்த்தி ஒதுக்கினான். மாப்பிள்ளையின் கருவிப் பெட்டியில் கிடந்த ஸ்க்ரூ டிரைவர்களில் ஒன்றை எடுத்தான். தகட்டைச் சுற்றியிருந்த பதினோரு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வாயாடியின் உள்ளங்கையில் போட்டான். பிறகு தகட்டின் மேல்விளிம்பைப் பிடித்து, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவது போல ஒரு பக்கமாகச் சாய்த்துத் திறந்தான்.

"அடடா," என்றார் கண்ணாடி. அவ்வளவுதான் சொன்னார்.

உள்ளே மூன்று வயர்கள். ஒவ்வொன்றையும் தகட்டின் வயரோடு முறுக்கிச் சேர்த்து மேலே ஏதோ சுற்றியிருந்தது. ஈயப் பற்று இல்லை.

"மாப்பிள்ளை, நீங்களா இருந்தா இதை எப்படிச் சேர்ப்பீங்க?"

"சால்டர் வைப்பேன். இப்படி முறுக்கி விட்டா மேடையில ஒரு ஆட்டம் ஆடினதும் கழண்டுக்கும்."

"தன் மேல சந்தேகம் வரக் கூடாதுன்னு வேணும்னே மோசமா செஞ்சிருப்பார்," என்றார் பெரியவர்.

"செஞ்சிருக்கலாம்," என்று கண்ணாடி தலையாட்டினார்.

நன்றாகச் செய்திருந்தால் மாப்பிள்ளை வேலை; மோசமாகச் செய்திருந்தாலும் அவர் வேலை. காற்றில்லாத அறையில் அவருக்கு மூச்சு முட்டியது. கதவைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

கண்ணாடி நகத்தால் ஒரு வயரின் சுற்றைப் பிரித்தார். "ஆனா பாருங்க, பட்டறையில டேப்புக்குப் பஞ்சம் இல்ல. கறுப்பு, சிவப்பு, பச்சைன்னு ரோல் ரோலா பாத்தேன். இது அந்த டேப் இல்ல. துணிப் பட்டை. தந்தி அறுத்து விரல் நுனி கிழிஞ்சா சுத்திக்கறது." அவர் நிமிர்ந்தார். "அப்புறம், முதல் தடவை திறக்கறவன் தகட்டை நேரா மேல தூக்குவான். தூக்கினா வயர் இழுக்கும், அப்புறம்தான் பக்கத்துல சாய்க்கக் கத்துக்குவான். தம்பி எடுத்த எடுப்பிலேயே சாய்ச்சார். வயர் எவ்வளவு நீளம்னு அந்தக் கைக்கு முன்னாடியே தெரியும்."

எல்லோர் கண்ணும் தம்பியின் இடது கைக்குப் போனது. அது பாக்கெட்டுக்குள் போயிற்று.

"கையை வெளிய எடுங்க தம்பி," என்றாள் வாயாடி. "பாவம், பாக்கெட்டுக்கு வேர்க்குது."

கை வெளியே வந்தது. மூன்று விரல்களில் வெள்ளைத் துணிப் பட்டை.

"அத்தான்..." என்று ஆரம்பித்த தம்பி மேலே பேச முடியாமல் தங்கையின் பக்கம் திரும்பினான். "அக்கா, மேடையில லைட்டு எரிஞ்சா அது குளவிக் கூடு மாதிரி இரையுது. போன கச்சேரியில மைக் செட்டுக்காரன் எல்லார் எதிரிலயும் 'உங்க கிட்டாருக்குச் சளி பிடிச்சிருக்கு'ன்னான். அப்பாவுக்கு அது அழகா இருந்துச்சு. எனக்கு அவமானமா இருந்துச்சு. அண்ணன்கிட்ட கேட்டா விடமாட்டார். அதான் ஒரு தகட்டை வாங்கி மாத்தினேன். சால்டர் வைக்கல, மரத்துல ஒரு கீறல் போடல. எப்ப வேணும்னாலும் பழசைத் திருப்பி மாட்டிக்கலாம்னுதான் செஞ்சேன். சொல்றதுக்குள்ள அண்ணன் திருட்டுன்னு கத்திட்டார். பயந்துட்டேன்."

"ஒரு நாள் முழுக்க அவரைத் திருடன்னு சொன்னாங்க. நீ நின்னு கேட்டுக்கிட்டு இருந்தே," என்றாள் தங்கை.

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முடிந்தது, கதவைத் திறப்பார்கள் என்று நினைத்தார். பெரியவர் அசையவில்லை.

"பழைய தகடு எங்க?" என்று கேட்டார் கண்ணாடி.

"அதுதான் தெரியல. என் கிட்டார் பையில துணி சுத்தி வச்சிருந்தேன். இன்னிக்குக் காலையில பாத்தா இல்ல. அத்தான் எடுத்து வச்சிருப்பார்னு நினைச்சேன்."

"நான் எடுக்கல," என்றார் மாப்பிள்ளை.

"எல்லாரும் கொஞ்சம் இருங்க, இந்த ஸ்க்ரூவை எங்கயாவது வச்சுக்கறேன். கை வேர்த்துக் குளமாயிடுச்சு," என்று வாயாடி திரும்பிக் கையை நீட்டினாள். நீட்டிய திசையில் அந்த முக்காலி.

"சொன்னேன்ல, அதைத் தொடாதே!"

அவள் பதறிப்போய்க் கையை உதற, திருகாணிகள் அத்தனையும் முக்காலியின் மெத்தைமேல் கொட்டின. கொட்டியவை சிதறி ஓடவில்லை. சில உருண்டு நின்றன. சில சட்டென்று பக்கவாட்டில் நழுவி, மெத்தையின் நடுவே கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டன.

"பொறுக்காதே," என்றார் கண்ணாடி. "மெத்தையைக் கவிழ்."

கவிழ்த்தாள். நாலைந்து தரையில் விழுந்தன. மற்றவை தலைகீழாகத் தொங்கின.

"மாமா, இலவம்பஞ்சுக்கு எப்ப இருந்து காந்தம் முளைச்சுது?"

"பிக்கப்புன்னா காந்தம்தான்டி. உறையைப் பிரி."

உறைக்குள், பஞ்சைக் குடைந்த பள்ளத்தில், பழுத்து மஞ்சளான ஒரு தகடு இருந்தது. மெத்தை புடைக்காமலிருக்கக் குமிழ்களை மட்டும் உருவியிருந்தார்கள். அதன் நடுவில் அப்பா தந்தியை மீட்டிய பிக் வில்லை உரசி உரசித் தேய்த்த பிறை வடிவத் தழும்பு. தங்கை கையை நீட்டி அந்தத் தழும்பை ஒரு விரலால் தொட்டாள்.

"இதை ஒளிச்சு வச்சவர் யார்னு நான் சொல்ல வேண்டியதில்ல," என்றார் கண்ணாடி. "முழங்கால் வீங்கினவர் காலையிலிருந்து நிக்கறார். தானும் உட்காரல, அடுத்தவங்களையும் உட்கார விடல. திருடனா இருந்தா மேலேயே ஜம்முனு உட்கார்ந்து மறைச்சிருப்பான். அப்பாவோட பிள்ளையாப் போனதால உங்களால அது முடியல ஐயா."

அந்த வீட்டில் வாத்தியத்தின் மேல் கால் பட்டால் கன்னத்தில் அறை விழும். அப்பா காலத்துக் கட்டுப்பாடு. தம்பியின் கன்னத்தில் முதல் அறை விட்டவர் பெரியவர்தான்.

பெரியவர் மறுக்கவில்லை. பொய் பிடிபட்ட பின்னும் அவர் முதுகு வளையவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். "நேத்து ஒத்திகை முடிஞ்சதுமே தம்பி பையில பாத்துட்டேன்," என்றார். "என்ன பண்ணச் சொல்றீங்க? அப்பாவோட குரலை அவர் பெத்த பிள்ளையே பிடுங்கிப் போட்டான்னு ஊருக்குச் சொல்லவா? பேச்சு வெளிய போயிடுச்சு. யாராவது ஒருத்தர் பேர் சொல்லியாகணும்."

"அதுக்கு என் புருஷன் பேரா?"

பெரியவர் தங்கைக்குப் பதில் சொல்லாமல் மாப்பிள்ளையின் முன்னால் வந்து நின்றார். அவர் குரல் இறங்கியது. இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் குரலில் மாப்பிள்ளையிடம் பேசியதே இல்லை.

"மாப்பிள்ளை, நீங்க வெளியிலிருந்து வந்தவர். உங்க பேர் கெட்டா ஒரு ஆளோட பேர்தான் கெடும். தம்பி பேர் கெட்டா எங்க அப்பா பேரே போயிடும். இந்த ஒண்ணை மட்டும் உங்க தலையில ஏத்துக்குங்க. வெளியே போக வேண்டாம். இங்கயே இருங்க. பட்டறை உங்களோடது. இதுக்கு மேல யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்லாம நான் பாத்துக்கறேன். இந்தக் கண்ணாடி ஐயாவும் வாயைத் திறக்க மாட்டார்."

"நான் திறக்க மாட்டேன்னு யார் சொன்னது?" என்றார் கண்ணாடி.

"மாமா திறக்காட்டி நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் வாயாடி.

ஆனால் மாப்பிள்ளைக்கு அவர்கள் பேசியது காதில் விழவில்லை. 'சரி மச்சான்' என்ற சொல் அவர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய சொல். சொல்லிவிட்டால் கதவு திறக்கும், காற்று வரும், இரவு எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடலாம். பூட்டு கதவில் இல்லை, இந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. இவருடைய உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாது மச்சான்," என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. அந்த அறையில் சத்தமாகச் சொல்லத் தேவையும் இல்லை.

தங்கை அண்ணனிடம் நடந்து போனாள். அனுமதி கேட்காமல் அவர் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. தடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் அவர் பையில் கைவிட்டதில்லை.

பூட்டு திறந்தது. மாடிப்படியிலிருந்து குளிர்ந்த காற்று ஒரு அலையாக உள்ளே வந்தது.

"நாளைக்குக் கச்சேரி," என்றார் பெரியவர் பின்னாலிருந்து. "போறதா இருந்தா போங்க. போறதுக்கு முன்னாடி அப்பா தகட்டை மாட்டி, அந்த மூணு வயரையும் பத்தவச்சுக் குடுத்துட்டுப் போங்க."

மாப்பிள்ளை தன் கருவிப் பெட்டியை மூடினார்.

"தம்பிக்குத் திறக்கத் தெரியும் மச்சான்," என்றார்.

பிறகு ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. பெரியவர் தங்கை புருஷனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார் என்று. அது பொய். யாரும் யாரையும் தள்ளவில்லை. முதலில் படியேறியது தங்கை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை அவள் பின்னால் போனார். "இருங்க" என்று பெரியவர் இரண்டு தடவை கூப்பிட்டார். இருவரும் நிற்கவில்லை.